கச்சு முகம்மது கடையின் திரை

நாகேஸ்வரி மூடி வைத்த பிட்டு எத்தனை இரவு ஆறிப்போயிற்று என்று அந்தக் குசினிச் சுவருக்குத்தான் தெரியும். பெற்றோர் போன பிறகு தம்பி யோகலிங்கத்தைத் தூக்கி வளர்த்தவள் அவள். தனக்கென்று ஒரு வாழ்வு வேண்டும் என்றுகூட நினைக்காத பாவி. அவன் வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் நெல் நிறுக்கிறான். சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை, வம்பு வழக்கு இல்லை. குறை அந்த வயிறு ஒன்றுதான். அதற்கு வவுனியாவில் எல்லாக் கடைக்கும் வழி தெரியும். அக்காவின் குசினிக்கு மட்டும் தெரியாது.

"டேய், கத்தரிக்காய்ப் பால்கறி வைச்சனான். ஒரு வாய் தின்னன்."

"பசியில்லை அக்கா."

"பசியை எந்தக் கடையிலை விட்டிட்டு வந்தனி?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு படுக்கப் போய்விடுவான். அவள் கண்ணீரும் சொதியும் ஒன்றாய் ஆறும்.

இது வீட்டுக்குள் முடிந்திருந்தால் பொறுத்திருப்பாள். நம் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள் வீட்டுக்கு நேரே வருவதில்லை அல்லவா? முதலில் தேத்தண்ணிக் கடைகளில் ஏறி இறங்கி, கடைக்காரன் வாயைக் கிண்டுவார்கள். கடைக்காரர்களுக்கு யோகலிங்கத்தின் மேல் அவ்வளவு பாசம். "யோகலிங்கமோ? தங்கமான பொடியன்! ஒருநாளும் தவறாமல் வருவார்" என்று கடைக்குக் கடை புகழ்ந்தால், பெண்ணைப் பெற்றவன் என்ன நினைப்பான்? வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்தப் புகழ்ச்சியிலேயே முறிந்தன. தம்பிக்கு வயது முப்பத்தைந்தாகிவிட்டது.

அப்போதுதான் ஓமந்தையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் விமலேஸ்வரி. தகப்பன் அப்புத்துரை கோயில் தர்மகர்த்தா. வெள்ளிக்கிழமையில் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காதவர் என்று பெயரெடுத்தவர். யோகலிங்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளியன்று விசாரிக்க வருவதாகத் தரகரிடம் சொல்லியிருந்தார்.

இதுவும் முறிந்தால் தம்பி தனிமரம்தான் என்று நாகேஸ்வரி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடை கடையாகப் போனாள். பெண்கள் ஏறாத படிகள் அவை. வாசலில் நின்றபடியே கும்பிட்டாள்.

"ஆர் வந்து கேட்டாலும் அவனைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

ரொட்டிக் கடைக் கச்சு முகம்மதுக்குக் கண் கலங்கிவிட்டது. "கவலைப்படாதேங்கோ தங்கச்சி. இனி ஆர் கேட்டாலும், யோகலிங்கமெண்டு ஒராளை நான் கண்டதே இல்லை."

அந்த வெள்ளி, சோற்றுப் பொதியைக் கையில் கொடுத்து, ஆலையை விட்டு அசையக் கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினாள். சத்தியம் மத்தியானம் வரை நின்றது. காற்று கச்சு முகம்மதுவின் சட்டிப் பக்கமிருந்து வீசியதும் போய்விட்டது.

அந்தக் கடையின் பின்பக்கத்தில் ஒரு திரை தொங்கும். தெருவுக்குத் தெரியாமல் இறைச்சி தின்ன விரும்பும் சைவக்காரர்களுக்காகக் கட்டியது. யோகலிங்கம் திரையை விலக்கி நுழைந்தான். உள்ளே முகம் தெரியாத ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு, கை நிறைய ஆட்டுக்கறி.

"ஐயா வவுனியா ரவுணுக்குப் புதிசோ? சட்டியின்ரை அடிப் பிரட்டலைக் கேட்டு வாங்குங்கோ. தோசையெண்டால் வீரகத்தியின்ரை சைவக்கடை, கல்லு நல்லாச் சூடேறினாப் பிறகு. தேத்தண்ணி ஸ்டேசன் வாசலிலை. ஆனால் ரயில் வர முதல் குடிச்சிடோணும். சனம் இறங்கினால் சாயத்துக்கை தண்ணியை விட்டிடுவான். பொழுதுபட்டால் தவறணையிலை பனங்கள்ளும் மான் வத்தலும்..."

கச்சு முகம்மது இருமினார். கண்ணைக் காட்டினார். கரண்டியால் சட்டியைத் தட்டினார். அந்த மூடனுக்கு விளங்கினால்தானே!

"முகம்மது நானா, ஏன் இந்த இருமல்? ஒரு பிளேன்டீ குடியுங்கோ. ஐயா, இண்டைக்கு ஓமந்தையிலையிருந்து ஒரு கிழவன் என்னை விசாரிக்க வாறானாம். வெள்ளியிலை தண்ணியும் குடியானாம். அந்த வீட்டிலை போய் நான் என்னத்தைத் தின்னுறது?"

பெரியவர் எலும்பை வாயிலிருந்து எடுத்தார்.

"கிழவன் வந்திட்டான். அந்தக் கறிக் கோப்பையை இஞ்சாலை தள்ளும்."

யோகலிங்கம் பாதி எழும்பி, திரும்ப உட்கார்ந்தான். கோப்பையைத் தள்ளினான்.

"நீர் என்னைக் காணேல்லை" என்றார் அப்புத்துரை.

"நீங்களும் என்னைக் காணேல்லை, மாமா."

பின்னேரம் அப்புத்துரை நாகேஸ்வரியின் வாசலில் நின்றார். "பிள்ளை, ரவுண் முழுக்க விசாரிச்சிட்டன். ஒரு கடைக்காரனுக்கும் அவரைத் தெரியாது. இந்தக் காலத்திலை இப்பிடியும் ஒரு பொடியனோ!"

நாகேஸ்வரி விம்மி விம்மி அழுதாள். பிட்டு வைத்தாள்.

"வெள்ளி விரதம், பிள்ளை."

அவரைத் தெய்வம் போலப் பார்த்தாள், அந்த அப்பாவி.

கலியாணம் முடிந்தது. இனியாவது பிட்டு ஆறாது என்று நம்பினாள். வெள்ளிதோறும் அப்புத்துரை மகளைப் பார்க்க பஸ்ஸில் வந்தார். வந்த கையோடு மருமகனைக் கூட்டிக்கொண்டு "ஒரு அலுவல்" என்று வெளிக்கிட்டார். திரும்பி வந்தால் அவருக்கு விரதம், மருமகனுக்குப் பசியில்லை. குசினியில் இப்போது பொருமுவதற்கு இரண்டு பெண்கள்.

ஒருநாள் தகப்பனின் சால்வையைத் தோய்க்க எடுத்த விமலேஸ்வரி அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மச்சாள், அப்பா விரதமெண்டுதானே சொன்னவர்? இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

கறுவாப்பட்டை, ஏலக்காய், ஆட்டுக்கறி.

அடுத்த வெள்ளி இருவரும் ரவுணுக்கு நடந்தார்கள். கச்சு முகம்மதுவின் திரைக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள் தெரிந்தன. ஒரு சோடிச் செருப்பின் வார் நாகேஸ்வரியே தைத்துக் கொடுத்தது.

"நானா, என்ரை தம்பி உள்ளையோ?"

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"யோகலிங்கமோ? அப்பிடி ஒராளை நான் கண்டதே இல்லை, தங்கச்சி. நீங்கள்தானே கும்பிட்டுக் கேட்டனீங்கள்."

நாகேஸ்வரி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு விமலேஸ்வரியின் கையைப் பிடித்துப் படியேறி, நடுக்கடையில், தெருவே பார்க்க, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப ரண்டு பேருக்கு ரொட்டி போடுங்கோ நானா. கறி வேண்டாம், சம்பல் காணும். நாங்கள் உண்மையாவே வெள்ளி விரதம் பிடிக்கிறனாங்கள்."

திரைக்குப் பின்னால் எலும்பு உறிஞ்சும் சத்தம் நின்றுபோயிற்று.