கப்பல் கதவின் உயரம்

சென்ற மாசியில் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. மூன்று நாள் பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் என் அப்பா அதை இரண்டு முறை படித்தார். "இரும்பை எப்படி இணைச்சிருக்கான்னு ஒருக்கா பாத்துட்டு வரலாம். அம்மிணி, நீயும் வா" என்றார்.

உண்மைக் காரணம் வேறு. என் அண்ணன் முருகேசன் அந்தக் கப்பலில்தான் மாலுமி. பட்டறையை விட்டுக் கடற்படைக்குப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று, "போனா இந்த ஊட்டுப் படி மிதிக்காதே" என்று அப்பா சொல்லிவிட்டார். மூன்று வருடமாக அவன் வரவில்லை. நாங்கள் வருவதை அவனுக்கு எழுதவும் அப்பா விடவில்லை. புறப்படும்போது அம்மா என் காதருகே, "உங்கப்பன் வாயத் தொறக்க மாட்டாரு. நீயாச்சும் அவனை ஊட்டுக்கு வரச் சொல்லு, சாமி" என்றாள். பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கவே நா எழாத என்னிடம்!

பகல் இரண்டு மணிக்குப் பஸ். சேலம் முப்பத்திரண்டு மைல், கட்டணம் ஒன்றேகால் ரூபாய். சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பு ஏழே முக்கால் ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். நிலக்கடலைக் காடுகள் மாலை வெயிலில் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எட்டாவதோடு பள்ளியை நிறுத்திய பிறகு நான் உரக்கப் படித்ததெல்லாம் அண்ணனின் கடிதங்கள்தான். நான் படிக்கும்போது மட்டும் அப்பா பலகை இழைக்கும் இழைப்புளிச் சத்தம் நின்றுவிடும். ரயிலில் கண்ணை மூடினால், அந்தக் கடலைக் காட்டின் மேல் ஒரு சாம்பல் நிறக் கப்பல் சத்தமில்லாமல் வந்தது. அதன் மேல்தளத்தில் அண்ணன் கொடியசைத்துக்கொண்டு நின்றான்.

விடிந்ததும் சென்ட்ரலில் இறங்கி, துறைமுகம் வரை ஒன்றரை மைல் நடந்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் வரிசை நீண்டுவிட்டது. வாசலில் 'காமிரா கூடாது' என்று பலகை வைத்திருந்தார்கள். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அடிக்கோலைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.

கப்பல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. கரையை ஒட்டி ஒரு தெரு எழுந்து நிற்பது போலிருந்தது. மேல்தளத்துக்கு ஏறியதும் எனக்கு மயக்கமே வந்தது. எங்கள் ஊர்ச் சமவெளியை வெட்டி எடுத்து, வரப்பெல்லாம் நீக்கி, கடல் மேல் மிதக்கவிட்டாற்போல அவ்வளவு வெளி. இறக்கையை மடக்கிக்கொண்டு நின்ற விமானங்கள் தூங்கும் கொக்குகள் போலிருந்தன. காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போனாலும் சரி என்று நின்றேன்.

வெள்ளை உடுப்பில் எத்தனையோ பேர் போனார்கள். ஒருவரிடமும் அண்ணனைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கீழே விமானங்களை நிறுத்தும் பெரிய கூடத்துக்கு வந்தபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு எங்கள் கூட்டத்தை இறக்கிவிடுவார்கள்.

திரும்பிப் பார்த்தேன், அப்பாவைக் காணோம். ஓர் இரும்புக் கதவருகே மடக்கு அடிக்கோலை விரித்து அளந்து, பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். லாரிப் பட்டறைக்காரர் எதைப் பார்த்தாலும் செய்வதுதான். ஆனால் இது போர்க்கப்பல். இரண்டு பேர் வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"என்ன பெரியவரே, கப்பலை விலை பேச வந்தீரா? யாரு அளந்துட்டு வரச் சொன்னது?" என்றார் ஒரு தமிழ் மாலுமி.

"சும்மாதானுங்க" என்றார் அப்பா. கூட வந்த, தமிழ் தெரியாத அதிகாரி நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். பிள்ளையின் பெயரைச் சொல்வதைவிட ஜெயிலுக்குப் போவதே மேல் என்பது போல நின்றார் அப்பா.

"எங்கண்ணன் முருகேசன் இந்தக் கப்பல்லதான் இருக்குதுங்க! நாமக்கல்லுங்க! இது எங்கப்பாங்க!"

கூடம் முழுக்க எதிரொலித்தது என் குரல்தான்.

கால்மணி நேரத்தில் அண்ணனை அழைத்து வந்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான், நன்றாகக் குனிந்து, வந்தான். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். அதிகாரி நோட்டை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

"கதவு அஞ்சடி ரெண்டு அங்குலம். பையன் ஆறடி" என்று படித்த அண்ணனின் குரல் இறங்கியது. "ஏனுங்கப்பா, இதையா அளந்தீங்க?"

"எத்தனை தடவ இடிச்சுக்கிட்டே?"

"மொத வாரம் தெனமும். அப்புறம் பழகிருச்சுங்க."

தமிழ் மாலுமி மொழிபெயர்த்துச் சொன்னதும், அதிகாரி சிரித்தபடி நோட்டையும் அடிக்கோலையும் திருப்பிக் கொடுத்தார். கையைப் பிடித்ததற்கு அப்பாவிடம் வருத்தமும் சொன்னார்.

இறங்கும் மணி அடித்தது. "அண்ணா, அம்மா ஊட்டுக்கு வரச் சொல்லுச்சு" என்றேன். அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அடிக்கோலை ஒவ்வொரு மடிப்பாக மடித்தார்.

"நம்மூட்டு வாசல் நெலையும் தாழ்வுதான். நீ வாரதுக்குள்ள ஏத்தி வெச்சர்றேன்."

இனி போகிறவர்களுக்கு: காலை ஏழுக்கே வரிசையில் நில்லுங்கள். ஏணி செங்குத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கப்பலில் இருந்தால் வாசலிலேயே பெயரைச் சொல்லிவிடுங்கள், அதற்கு ஒன்றும் வெட்கப்பட வேண்டாம். அடிக்கோலை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

அண்ணனுக்குச் சித்திரையில் பதினைந்து நாள் லீவு. எங்கள் வாசல் நிலை இப்போது ஆறடி மூன்று அங்குலம். காலையில் அதன் வழியே வரும் வெயில் அடுப்படி வரை எட்டுகிறது.