பேர் வெட்டிய கட்டுரை

சுலோச்சனா டீச்சர் போய்விட்டார். காலையில் அவருடைய தம்பி மகன் போன் பண்ணிச் சொன்னான்.

ராயபுரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். தொண்ணூறு தாண்டிவிட்டது, கல்யாணச் சாவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு என்னவோ அப்படி விட முடியவில்லை... டைப்பிங்கில் தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. நான் ஐந்தாம் ஃபாரம், இப்போதைய பத்தாவது. டீச்சருக்கு எங்களைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம். திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் வருவார்.

மாதம் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார். அறிவியலில் உழைத்தும் பேர் வராமல் போன பெண்களைப் பற்றி.

"ரேடியம் கண்டுபிடிச்ச அம்மாவைத் தொடாதீங்கடி. அவங்களை உலகத்துக்கே தெரியும். தெரியாதவங்களை எழுதுங்க."

சும்மா புகழ்ந்து எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாதம் வேண்டும். அதற்கு ஒரு ரூல்... முதல் பத்தியில் எதிராளிதான் பேச வேண்டும்.

"அவன் வாயாலேயே எழுதுங்க. அவனே படிச்சா ஆமாம்னு தலையாட்டணும். அப்புறம் பதில் சொல்லுங்க."

நல்ல கட்டுரையைப் பேரோடு பள்ளி வாசல் போர்டில் ஒட்டுவார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் வைத்த வழக்கம். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம்.

முதலில் கன்னியம்மாவின் பேர் வந்தது. எங்கள் மீனவக் குப்பத்துப் பெண். நாங்கள் கைதட்டினோம்.

பிறகு ஒரு நாள் அவள் வரவில்லை. கல்யாணம் என்றார்கள்.

அடுத்து சகுந்தலா. அவளும் எங்கள் குப்பம்தான். அவள் இடமும் காலி... அவளுக்கும் கல்யாணம்.

குப்பத்தில் இதே பேச்சுதான். "எதுத்துப் பேசற பொண்ணுன்னு செவுத்துல ஒட்டிக்கீறாங்க. இனிமே எவன் கட்டுவான்?" பேர் இன்னும் கெடுவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துத் தள்ளிவிடு. அவ்வளவுதான்.

அதன் பிறகு போர்டைக் கடக்கும்போது தலை குனிந்து போவேன். கட்டுரை நன்றாக வந்துவிடுமோ என்று பயந்து பயந்து எழுதிய வகுப்பு வேறெங்காவது இருந்திருக்குமா, தெரியாது.

அந்த மாதம் நன்றாக வந்தது என்னுடையது.

கடலோரப் பாறைகளில் ஆதிகால விலங்குகளின் எலும்புகளைத் தேடி எடுத்த ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். அவள் எடுத்ததை வாங்கிப்போன ஆண்கள் எழுதிப் பேர் வாங்கினார்கள். அவள் பேரை நான் சொல்ல மாட்டேன், நீங்களே தேடிப் படியுங்கள். டீச்சர் இருந்தால் அப்படித்தான் சொல்வார்.

எதிராளிக்கு நான் எங்கும் போகவில்லை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர் வீட்டில் சொன்னதையே எழுதிவிட்டேன். மீன் விற்கிற இடத்தில் தன் பேர் ஒருவருக்கும் தெரியவில்லை என்று அம்மா ஒருநாள் குறைப்பட்டபோது அவர் சொன்னது அது.

டீச்சர் படித்துவிட்டு என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். கத்தரிக்கோலை எடுத்து, கீழே என் பேர் இருந்த துண்டை வெட்டினார்.

பேர் போடாமல் விடுவதுதான் அநியாயம் என்று எங்களுக்கு வருஷம் பூராவும் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இப்ப பேர் வேணாம் பூங்கா. நீ கிளாஸ்ல இருக்கணும்."

பேரில்லாத கட்டுரை போர்டில் ஏறியது. கடல், கரை என்று வருவதால் எழுதியது நம்ம பெண்தான் என்று இரண்டு நாளில் குப்பம் முழுக்கப் பேச்சு. யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து வரப் பஞ்சாயத்தில் ஓர் ஆளை அனுப்பினார்கள்.

அந்த ஆள் எங்கள் நைனா.

டீச்சரோடு போர்டு அருகில் நின்றுகொண்டிருந்தேன். லுங்கியை இறக்கிவிட்டபடி வந்தார்.

"இன்னா டீச்சர், குப்பத்துல ஒரே பேஜாரா கீது. யாரு எழுதனது இது?"

"தெரியலைங்க. பேர் போடாம குடுத்திருக்கு." டீச்சர் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. என் பக்கம் திரும்பினார். "நீ படி."

ஓடிவிடலாமா... எங்கே ஓடுவது. படித்தேன்.

"கடலில் இறங்குகிறவன் ஆண். கரையில் கிடப்பதைப் பொறுக்குகிறவள் பெண். பொறுக்கியதற்கெல்லாம் பேர் கேட்டால் கட்டுப்படியாகுமா?"

நைனா ஆமாம் என்று தலையாட்டினார். பாதி ஆட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டைத் தாண்டி வெளியே போனதில்லை. எழுதியது யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நிறுத்தாத. படி."

மிச்சத்தையும் படித்தேன். பொறுக்குகிறவள் பொறுக்காவிட்டால் இறங்கியவன் கொண்டுவந்தது மணலோடு போகும் என்று முடித்திருந்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டீச்சர் என் தோளைப் பிடித்திருந்தார், அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

நைனா அந்தக் காகிதத்தின் வெட்டின ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை. பிறகு டீச்சரை.

"பேரு போடாதீங்க டீச்சர். எப்பவும்."

அவ்வளவுதான். போய்விட்டார். பஞ்சாயத்தில் போய், "நம்ம குப்பத்துப் பொண்ணு இல்லபா, வேற எவளோ" என்று சொன்னதாக அம்மா சொன்னாள்.

வீட்டில் சாப்பிடும்போது என்னைப் பார்ப்பார். நாளைக்கு நிறுத்திவிடுவாரோ, நாளைக்கு நிறுத்திவிடுவாரோ என்றே எஸ்.எஸ்.எல்.சி. வரை போனேன். நிறுத்தவில்லை. கடைசிவரை அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை.

என் கட்டுரைகள் அப்புறமும் போர்டில் ஏறின. எல்லாவற்றிலும் கீழ் ஓரம் வெட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் டீச்சர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மதியம் மூலக்கொத்தளம் மயானத்தில் அடக்கம். என்னால் மாடிப்படி இறங்க முடியாது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நைனா போய் ரொம்ப வருஷமாகிறது டீச்சர். இப்போது கேட்க யாரும் இல்லை. கட்டுரையில் நீங்கள் வெட்டிய இடத்தில் என் பேரைப் போட்டுவிடுகிறேன்.

க. பூங்காவனம், ஐந்தாம் ஃபாரம்.