பச்சைக் கடலும் ஒரு கிலோ சங்கராவும்

காலை ஆறே கால். ஏழு மிஸ்டு கால். எல்லாமே வசந்தா அக்கா. நாளிதழ் நிருபருக்கு அலாரம் தேவையில்லை என்பது என்னைப் போல இந்தப் பிழைப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்த கூடை

கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்பவர் அவர். அது 2007. கடலூர்க் கடல் திடீரென்று பச்சையாகிவிட்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு கடல் லேசாக நிறம் மாறினாலே ஊர் பதறும். மீனில் விஷம் என்று யாரோ கிளப்பிவிட, மார்க்கெட்டில் ஆளில்லை. திரும்பக் கூப்பிட்டதும், மூன்று நாளாகக் கூடை அப்படியே திரும்புகிறது, இன்னும் இரண்டு நாள் போனால் துறைமுகத்தில் தனக்குக் கடனுக்குச் சரக்கே தர மாட்டார்கள் என்றார்.

"திங்கலாமா கூடாதான்னு பேப்பர்ல போடுங்க சார். கூடாதுன்னா நான் வேற வேலைக்குப் போறேன்."

நிபுணர்கள்

சிதம்பரம் பக்கத்தில் ஓர் ஆய்வகம். அங்கிருந்த ஆய்வாளர் ஒரு சொட்டுக் கடல்நீரை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். கண்ணாடிக் குண்டுபோல ஒற்றைச் செல் உயிர். உள்ளே பச்சைப் புள்ளிகள். பெயர் நாக்டிலூகா. ஏராளமாகப் பெருகினால் கடலே பச்சையாகும். இருட்டில் அலை அடித்தால் மின்னும். விஷம் சுரக்கும் வகை இல்லை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைவதால் மீன்கள் ஒதுங்கிப் போகும். செத்து மிதப்பதைத் தொடாதீர்கள், தள்ளிப் போய் உயிரோடு பிடித்ததைச் சாப்பிடலாம் என்றார். இதை உங்கள் பெயரில் போடட்டுமா என்று கேட்டேன்.

"பேரு வேணாம். 'நிபுணர்கள்'னு போடுங்க. நான் ஒருத்தன்தான்னு யாருக்குத் தெரியப் போவுது?"

ஒன்பதாம் பக்கம்

செய்தியை அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். நாக்டிலூகா பற்றிய வரிகளை வெட்டிவிட்டாராம். விஷம் இல்லை என்பது உறுதிதானா என்று, இருந்தால் நன்றாயிருக்கும் என்ற குரலில் கேட்டார். உறுதி என்றேன்.

"இருந்தா முதல் பக்கம் குடுத்திருப்பேன். சரி, ஒன்பதுல எடம் இருக்கான்னு பாக்குறேன்."

வாசகர்

மறுநாள் ஒன்பதாம் பக்கத்தில் வந்த அந்த ஒற்றைப் பத்தியைக் கத்தரித்து, தராசுக்கு மேலே ஒட்டியிருந்தார் வசந்தா அக்கா. வந்தவர்கள் படித்தார்கள், நகர்ந்தார்கள். என்னைக் கண்டதும் சத்தமாகச் சொன்னார், எழுதினவரே வாங்கலைன்னா மத்தவங்க எப்படி வாங்குவாங்க என்று. கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு கிலோ சங்கரா மீன் வாங்கினேன். கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒருவர் என் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில இவரு இங்க நடமாடட்டும். நான் ரெண்டு கிலோ எடுத்துக்கிறேன்."

மறுநாள் எட்டு மணிக்கு மார்க்கெட்டை இரண்டு சுற்று நடந்தேன். பத்து மணிக்குள் கூடை காலி.

2009இல் கடல் மறுபடி பச்சையானபோது, செய்தி எழுதுவதற்கு முன்பே நான் பையோடு வசந்தா அக்கா கடையில் நின்றேன்.