தங்கச்சி கல்யாணத்தில் நான் வைத்த பஃபே

இன்று தலவாக்கலையில் தங்கச்சி கல்யாணம். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. கப்பலில் வேலை பார்ப்பவன் லீவில் வந்து சொன்னால் யார் மறுப்பார்கள்?

"பந்தியெல்லாம் வேணாம்ப்பா, பஃபே வச்சிருவோம்" என்றேன்.

இளசுகள் மேசையை மொய்த்தார்கள். பூண்டுலோயாவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமா மட்டும் தன் ஆட்களோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, போய் எடுத்துச் சாப்பிடுங்க."

அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுல வரிசை. மத்தியானம் தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசை. கல்யாண வீட்டுலயும் தட்டோட வரிசையா தம்பி?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எங்கள் உல்லாசக் கப்பலிலும் பஃபே பிடிக்காத பயணிகளுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தனி அறை உண்டு. அங்கே மேசை மேசையாகக் குனிந்து பரிமாறுவதுதான் என் வேலையே. வெள்ளைக்காரர்களுக்குச் செய்வதைச் சம்பந்திகளுக்குச் செய்யத் தோன்றவில்லை.

கோட்டைக் கழற்றிவிட்டுச் சோற்று வாளியைத் தூக்கினேன்.

கை கழுவும்போது மாமா அப்பாவிடம் சொன்னார்: "ஒங்க மகன் நல்லாத்தான் பரிமாறுறாருங்க. கப்பல்ல பழகுனதா?"

பஃபே கோபம் தீராத அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுவீட்டு விருந்துக்குப் பந்திதான். வாளி தூக்க யார் யார் வருகிறீர்கள்?