அந்தப் பக்கத்தில் ஆக்சிலேட்டர் கிடையாது

என் அக்காவின் கணவருக்கு இந்தத் தெருவில் 'பிரேக்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அதைச் சொல்லி இப்போது வங்கியில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவர் அத்தான்.

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிப் பள்ளி என்று பலகை தொங்குகிறதே தவிர, பள்ளி என்பது ஒரு பழைய காரும் அத்தானும்தான். ஓட்டப் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அவர் உட்காருவார். அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் பொருத்தியிருக்கும். பழகுகிறவர் எதன் மேலாவது வண்டியை விடப் போனால் இவர் மிதித்து நிறுத்தலாம். எதன் மேலும் விடப் போகாவிட்டாலும் இவர் மிதிப்பார். தெருவின் அந்தக் கோடியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தால் வண்டி இந்தக் கோடியிலேயே நின்றுவிடும்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பேருந்தில் பயணியாகப் போனாலும் தரையை மிதிக்கும். முடிவெட்டுகிறவர் கத்தியைக் கழுத்துப் பக்கம் கொண்டுவந்தால் நாற்காலியை மிதிக்கும். அக்கா உப்பு ஜாடிக்குள் கரண்டியை விட்டால் மேசைக்கு அடியில் 'டொப்' என்று சத்தம் கேட்கும். அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மைத்துனன் என்ற முறையில் அத்தானைக் கிண்டல் செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

வீட்டில் ஒரு நாய். எந்நேரமும் வாசலில் படுத்தே கிடப்பதால் அதற்கு நியூட்ரல் என்று பெயர் வைத்தார் அத்தான். கன்றுக்குட்டி மாதிரி உடம்பு. கடிக்கத் தெரியாது, சரியாகக் குரைக்கவும் தெரியாது. வருகிறவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சத் தெரியும், அவ்வளவுதான். அதைக் கட்டிப் போட, கடையில் விற்கிற கயிறு எதுவும் அத்தானுக்குச் சரிப்படவில்லை. பழைய கார்களிலிருந்து கழற்றிய சீட் பெல்ட்டுகளை வாங்கிவந்தார். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து நீளமான பட்டையாக்கி, ஒரு முனையை நாயின் கழுத்திலும் மறு முனையை வாசல் தூணிலும் மாட்டினார்.

"யானையைக் கட்டினாலும் அறாது. பாதுகாப்புன்னா இதுதான் பாதுகாப்பு" என்று வருவோர் போவோருக்கெல்லாம் இழுத்துக் காட்டினார்.

தைத்துக் கொடுத்தது, நாலு வீடு தள்ளி முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் தையலக்கா. "எதுக்கு மாஸ்டர் இவ்வளவு நீளம்?" என்று அன்றைக்கே கேட்டார். அத்தானை அவர் மாஸ்டர் என்று கூப்பிடக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் அவரும் இந்தக் காரில் ஓட்டப் பழகியவர்தான். ஒரு தடவைகூடத் தன் காலால் பிரேக் போட வாய்ப்புக் கிடைக்காமல், வெறுத்துப்போய் நின்றுவிட்டார்.

அக்கா கொடுத்திருந்த ஜன்னல் திரைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு அவர் வந்த அன்றுதான் வினை வந்தது. திரைகளைக் கழுத்து வரை அடுக்கிப் பிடித்திருந்ததால் அவருக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நியூட்ரல் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு அவரை ஒரு சுற்று சுற்றியது. போதாதென்று இன்னொரு சுற்று. கழுத்துப் பட்டையும் கூடவே வந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டது. அதோடு போய்ப் படுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மதில் மேல் பக்கத்து வீட்டுப் பூனை வந்து நின்றது. நாய் பாய்ந்தது. சாதாரணக் கயிறாக இருந்தால் அந்தப் பாய்ச்சலில் அறுந்து தொலைந்திருக்கும். இது அத்தானின் பாதுகாப்புப் பட்டை. தையலக்கா காலோடு இழுபட்டு வாசற்படியிலிருந்து கீழே விழுந்தார்.

நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் கூடத்து நாற்காலியிலிருந்து பார்த்தார். அவர் வலது கால் தரையைத் திரும்பத் திரும்ப மிதித்ததாக அக்கா பிறகு சொன்னாள். நாய் நிற்கவில்லை.

மருத்துவமனைக்கு அத்தானே காரில் அழைத்துப்போனார்; நானும் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு காக்கைக்குக்கூட அவர் பிரேக் போடவில்லை. மனுஷன் எவ்வளவு ஆடிப்போயிருக்கிறார் என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வலது கணுக்கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், முறிந்த எலும்பு கூடும் வரை அசையாமல் இருக்க வேண்டும், காலைத் தொங்கவிடவே கூடாது, உட்கார்ந்தால் முக்காலியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். செலவை அத்தான் வாய் திறக்காமல் கட்டினார்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில்தான் வாயைத் திறந்தார். உப்பு ஜாடியை நடுவில் வைத்தார்.

"இது நியூட்ரல். தன் பாதையில நிக்குது." ஒரு டம்ளரை நகர்த்தினார். "இது தையலம்மா. வெளியிலேர்ந்து உள்ள வராங்க. உள்ள வர்ற வண்டிதான் நின்னு பார்த்து வரணும். முன்னாடி பார்வை மறைக்கிற மாதிரி சுமை ஏத்தக் கூடாது. ஹாரனும் அடிக்கல."

"அவங்க எதுக்குங்க ஹாரன் அடிக்கணும்?" என்றாள் அக்கா.

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல? விதின்னு ஒண்ணு இருக்கு."

அக்கா டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். "காலையில போய் இதை அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வாங்க. சாட்சிக்கு இவனையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போனோம். தையலக்கா கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி வெட்டிய துணி மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லாம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடை. வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு, இந்த வருஷம்தான் பெரிய ஆயத்த ஆடைக் கடையைத் தாண்டி அவருக்கு அந்த வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் கொடுக்காவிட்டால் அந்தப் பெரிய கடைக்கே திரும்பிப் போய்விடும். அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. தையல் மெஷின் மோட்டாரில் ஓடுவது. காலால் பெடலை மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். காலைப் பக்கவாட்டில் தூக்கி வைத்துக்கொண்டு மற்றக் காலால் மிதிக்கப் பார்த்திருக்கிறார். சரியாக எட்டவில்லை. எட்டி மிதித்த ஒரே சட்டையில் காலர் தோளுக்குப் போய்விட்டது.

வேறு தையல்காரர்களைக் கேட்டாராம். பள்ளி திறக்கிற சமயம் எந்தத் தையல்காரருக்குக் கை ஒழியும்?

அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உள்ளே வருகிற வண்டி, பார்வையை மறைக்கிற சுமை என்று ஆரம்பித்தார். பட்டையைத் தைத்ததே அவர்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. தையலக்கா கடைசி வரை கேட்டார்.

"மாஸ்டர், நான் பழகும்போது ரொட்டிக்காரர் சைக்கிளை இடிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

அத்தானின் பயிற்சிப் பள்ளியின் சரித்திரத்திலேயே அந்த ஒரு விபத்துதான். அன்றைக்கு அத்தான் தும்மினார், தும்மும்போது கால் பிரேக்கிலிருந்து தூக்கிக்கொண்டது. அந்த இடைவெளியில் நடந்தது அது.

"ரொட்டியெல்லாம் ரோட்ல. அந்தாளு என்னைத் திட்ட வந்தாரு. நீங்க இறங்கிப் போய் என்ன சொன்னீங்க?"

அத்தான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'ஓட்டினது அவங்கதான். ஆனா பிரேக் என் காலடியில இருந்துச்சு. தப்பு என்னுது'ன்னு சொன்னீங்க. உங்க மேல எனக்கு மரியாதை வந்ததே அன்னிக்குத்தான். இப்ப கேக்கறேன். நாய் அந்த முனையில இருந்துச்சு. இந்த முனையைக் கட்டினது யாரு?"

அத்தானின் முகம் சுருங்கிப்போயிற்று. நல்ல வேளையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். துணிக்குவியலைப் பார்த்தவர், "என் நாய். என் வாசல். நான் கட்டின பட்டை" என்றார். பிறகு மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெடலை இந்தப் பக்கம் தள்ளுடா மச்சான். மிதிக்கறதுதானே? பொழுதன்னைக்கும் நான் செய்யற வேலை அதான்."

அங்கேதான் கூத்து ஆரம்பமாயிற்று. காரில் அவர் உட்காருகிற பக்கத்தில் கிளச் உண்டு, பிரேக் உண்டு, ஆக்சிலேட்டர் கிடையாது. மிதித்தால் நிற்கும் என்றுதான் அந்தக் கால் பாடம் படித்திருந்தது. இங்கே மிதித்தால் ஓடும். தையலக்கா துணியை ஊசிக்குக் கீழே தள்ளுவார், விரல் ஊசியை நெருங்குவதை அத்தான் பார்ப்பார், பதறுவார், ஓங்கி மிதிப்பார். மெஷின் பேய் பிடித்த மாதிரி பறக்கும். "எடுங்க! காலை எடுங்க!" என்று தையலக்கா கத்தினால் இன்னும் பயந்து இன்னும் மிதிப்பார்.

முதல் நாளில் ஒரு சட்டைப் பையின் வாய் தைத்து மூடப்பட்டது. இன்னொரு சட்டையில் கை போகிற வழியே இல்லாமல் போயிற்று. எட்டிப் பார்த்த அத்தானின் சொந்தச் சட்டை நுனி ஒரு பாவாடையோடு சேர்ந்து தைபட்டு, வீட்டுக்குப் போக எழுந்தவர் பாவாடையோடு எழுந்தார். நான் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சிரிப்பு நின்றுவிட்டது. ஊசி தையலக்காவின் விரலில் நகத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ஒரு நூலிழை தள்ளியிருந்தால் விரலே போயிருக்கும். அத்தான் வெலவெலத்துப்போய் எழுந்துவிட்டார்.

"என்னால ஆகாதும்மா. காலை உடைச்சது போதாதுன்னு கையிலயும் ஓட்டை போடறதா?"

"உட்காருங்க மாஸ்டர்."

"இந்தக் கால் என் சொல் பேச்சு கேக்காது. பார்த்தா மிதிக்கும். அது அப்படியே வளர்ந்துடுச்சு."

தையலக்கா விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே யோசித்தார். "பார்த்தாத்தானே மிதிக்கும்? பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கோங்க. நான் 'போ'ன்னா மிதிங்க, 'நில்'லுன்னா எடுங்க. அவ்வளவுதான்."

கண்ணை மூடுவது! பக்கத்தில் ஒருத்தர் எதையோ ஓட்டிக்கொண்டிருக்க, அத்தான் கண்ணை மூடுவது! அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம் அது. தூங்கும்போதே அரைக்கண் திறந்திருக்கும் என்று அக்கா சொல்வாள். நான் வாய் வரை வந்த கிண்டலை விழுங்கினேன். அத்தான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். நெற்றியெல்லாம் வேர்த்தது.

"போ" என்றார் தையலக்கா.

மெஷின் ஓடியது.

"நில்லு."

நின்றது. ஒரு நேரான தையல். அத்தான் ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். "மூடுங்க" என்றார் தையலக்கா. "சரி மாஸ்டர்" என்று இப்போது அத்தான் அவரிடம் சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை மடமடவென்று நடந்தது. கார் வகுப்பு முடிந்ததும் அத்தான் நேராக அங்கே வந்துவிடுவார். அக்கா பொத்தான் தைத்தாள். கடை மூடியதும் நான் போய் இஸ்திரி போட்டேன். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், 'பிரேக் தியானம் பண்றார்' என்று பேசிக்கொண்டார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம் கடைசிச் சட்டையின் கடைசி ஓரம் ஓடி முடிந்தபோது தையலக்கா "நில்லு" என்று சொல்லவில்லை. சத்தத்தை வைத்தே அத்தான் காலை எடுத்துவிட்டார். துணி மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் ஒரு சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷத்து அளவு எடுக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். அத்தான் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். அவர் மேல் எனக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்து, கால் நன்றாக ஊன்ற வந்த பிறகு ஒருநாள் தையலக்கா வாசலில் வந்து நின்றார். அத்தான் ஓடிப்போய் நியூட்ரலைக் கையாலேயே பிடித்துக்கொண்டார்.

"திரும்ப வண்டி பழகலாம்னு இருக்கேன் மாஸ்டர்."

அத்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கண்ணை மூடச் சொல்லாதீங்க. அதுக்கு விதி இல்ல."

"கண்ணு திறந்தே இருக்கட்டும். காலை மட்டும் மடக்கி வெச்சுக்கோங்க."

அப்படித்தான் போனோம். ஊரில் நடமாட்டம் குறைவான பின்தெரு. அத்தான் இருக்கை மேலேயே சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் வலது காலின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் நானும் நியூட்ரலும். அந்தப் பழைய பட்டை பிரிக்கப்பட்டு, சீட் பெல்ட்டாகவே நாயின் மார்பைச் சுற்றியிருந்தது. நான் வழி நெடுக அத்தானின் சம்மணத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன்.

ஒரு சந்திலிருந்து சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. அதே ரொட்டிக்காரர். அத்தானின் முழங்கால் துள்ளியது. கை விடவில்லை. வண்டி குலுங்கி நின்றது, சைக்கிளுக்கு ஒரு கை தூரம் தள்ளி. ரொட்டி ஒன்றும் விழவில்லை.

தையலக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். ரொட்டிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார், இருவரையும் அடையாளம் கண்டுகொண்டு ஓர் அடி பின்னால் போனார். அத்தான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"நிறுத்தினது அவங்கதான். நான் ஒண்ணுமே பண்ணல" என்றார்.

பிறகு மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

"வண்டி நின்னப்ப 'டொப்'புன்னு ஒரு சத்தம் கேட்டுதே, என்ன மச்சான் அது?"

நான் கீழே பார்த்தேன். என் வலது கால் காரின் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.