அஞ்சு கிளாவர்

என்னுடைய ஒன்பதாவது வயதில் என்னைப் பெரியப்பாவுக்குத் தத்துக் கொடுத்துவிடுவதாக இருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சம்மதித்திருப்பேன். திருவாலங்காட்டில் பெரியப்பாவுக்குக் கரும்பும் நெல்லும் விளையும் நிலம் இருந்தது, இறங்கிக் குளிக்கப் படி வைத்த கிணறு இருந்தது, ஒரு ஜோடி வண்டிமாடு இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். மற்றதெல்லாம் ரேஷன்.

யுத்த காலம் அது. நைனா திருத்தணி ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. அவரைப் படிக்க வைத்து, யார் யார் வீட்டு வாசலிலோ நின்று ரயில்வேயில் நுழைத்துவிட்டவர் பெரியப்பா. அண்ணன் எதிரில் நைனா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. பெரியப்பா வந்து, உனக்கு ரெண்டு இருக்குது, எனக்கு ஒண்ணும் இல்ல, சின்னவன எனக்குக் குடுத்துடு என்று சொன்னபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார். நின்றபடியே தலையை ஆட்டினார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பதினைந்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெரியப்பா வண்டியேறிவிட்டார்.

மறுநாளே நான் பள்ளிக்கூடத்தில் என் பம்பரம், கோலி, உடைந்த பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டேன். நிலம் நீச்சு உள்ளவன் இப்படிச் சில்லறைச் சாமான்களை வைத்துக்கொண்டிருப்பது அழகில்லை என்று தோன்றியது. என் அறிவு அந்த வயதில் அவ்வளவுதான். பிற்பாடும் அதில் பெரிய அபிவிருத்தி இல்லை என்று என் மனைவி சொல்லுவாள்.

அன்றிலிருந்து அம்மா நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமையல் நடந்தது, துணி துவைத்தாள், எதிலும் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் இல்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் என் மூலம் போகும். காப்பி வேண்டுமா என்று கேட்டு வரச் சொல்லுவாள். நைனா எனக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். அவர் வேண்டும் என்பார். நான் திரும்பி, வேண்டுமாம் என்பேன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அண்ணன் இந்த உத்தியோகத்திலிருந்து தப்பித்துக்கொண்டான். பத்து நாளில் எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளாத குறை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் அவர்கள் இரண்டு பேரும் வாய் திறந்தே ஆக வேண்டும். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் பிரிட்ஜ்.

திருத்தணி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிரிட்ஜ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முன்னால் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஆங்கிலோ இந்தியர். அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் அது இல்லாவிட்டால் சோறு இறங்காது. நாலு கை வேண்டுமே என்று நைனாவையும் அம்மாவையும் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நைனாவுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அம்மாவுக்கு ஒரு மாதம். பிறகு அவர்கள் மாற்றலாகி வடக்கே எங்கோ போனபோது சீட்டுக்கட்டை அம்மாவிடம் விட்டுப் போனார்கள். அரக்கோணம் லோகோ ஷெட்டில் பயர்மேனாக இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிறு தவறாமல் வந்து மூன்றாவது கையானார். நாலாவது கை நான். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜில் எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். நைனாவும் அம்மாவும் ஒரு பக்கம், மாமாவும் நானும் ஒரு பக்கம். ஆளுக்கொரு சீட்டு இறக்க, பெரிய சீட்டுக்காரர் அள்ளுவது ஒரு பிடி; துருப்பு என்று வைத்த சீட்டு மற்றவற்றை வெட்டும். சீட்டு இறக்குவதற்கு முன்னால் ஓர் ஏலம் நடக்கும். இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நாலு ஜாதியில் இன்னது துருப்பாக இருந்தால் எங்கள் பக்கம் இத்தனை பிடி எடுப்போம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லுகிற எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நாலு என்றால் பத்துப் பிடி. ஆறு என்றால் மொத்தம் பதின்மூன்றில் பன்னிரண்டு. அதற்கு ஸ்லாம் என்று பெயர், அதை எட்டுவது பெரிய காரியம். ஒருவர் சொன்னதற்குப் பின் மூன்று பேர் வரிசையாக ‘பாஸ்’ சொல்லிவிட்டால் ஏலம் முடிந்தது. கூட்டாளியின் கையில் என்ன இருக்கிறது என்று அந்த ஏலத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணைக் காட்டக் கூடாது, குரலை ஏற்றி இறக்கக் கூடாது. நைனா இதில் ரொம்பக் கண்டிப்பு. அந்தப் பத்து நாள் கோபத்தில் அம்மா சொன்ன ஏலக் கேள்விகளைப் போல ஒழுங்கான கேள்விகளை நான் அப்புறம் எங்கேயும் கேட்டதில்லை. கல்லில் தண்ணீர் சொட்டுவது மாதிரி, ஒரே குரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கு ஐந்து நாள் முன்னால், அம்மா சீட்டுப் போட்டாள். தன் சீட்டுகளை எடுத்து அடுக்கினாள். கலைத்து இன்னொரு முறை அடுக்கினாள். பிறகு, “ரெண்டு இஸ்பேடு” என்றாள்.

எங்கள் வீட்டு ஆட்டத்தில் ‘ரெண்டு’ என்று தொடங்கினால் அதற்குத் தனி அர்த்தம். என் கை பெரிய கை, கூட்டாளி பாஸ் சொல்லக் கூடாது, ஆட்டம் ஒரு மட்டத்துக்கு வருகிற வரையில் ஏதாவது பதில் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்று அர்த்தம். மாமா பாஸ் என்றார். நைனா தன் சீட்டைப் பார்த்தார், துருப்பு இல்லாத ஆட்டத்தைக் குறிக்கும் “ரெண்டு நோ டிரம்ப்” என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லுகிற முறை அது. நான் பாஸ்.

“மூணு ஆட்டின்” என்றாள் அம்மா. இஸ்பேடு மட்டும் இல்லை, ஆட்டினும் என்னிடம் நிறைய இருக்கிறது, இரண்டில் உங்களுக்கு எது ஒத்துவரும் என்று கேட்கிறாள். நைனா, “மூணு நோ டிரம்ப்” என்றார். மறுபடியும் ஒன்றும் இல்லை.

“நாலு ஆட்டின்.”

மாமா பாஸ். ஏலம் நாலுக்கு வந்துவிட்டதால் நைனா இப்போது பாஸ் சொல்லலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. மூட்டையை இறக்கி வைத்த போர்ட்டர் மாதிரி மூச்சு விட்டுவிட்டு, பாஸ் என்றார்.

இனி என் முறை. நானும் பாஸ் என்றால் முடிந்தது. அம்மா நாலு ஆட்டின் ஆடுவாள், ஜெயிப்பாள், சீட்டைக் கலைத்து அடுத்த ஆட்டம்.

என் கையில் இருந்ததைச் சொன்னால் வெட்கம். கிளாவரில் ஒரு ஜாக்கியும் அவனுடைய பரிவாரமும். ஆனால் நான் கையைப் பார்க்கவில்லை. பத்து நாளாக ஆட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை பேசாதவர்கள் இப்போது ஆறு தடவை மாறி மாறிப் பேசியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் குரல் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்பது நன்றாக இருந்தது. நான் வாயை மூடினால் அதோடு நின்றுவிடும்.

“அஞ்சு கிளாவர்” என்றேன்.

மாமாவுக்குப் புரையேறியது. “டேய், இன்னாடா சொல்ற” என்றார். நைனா அவரை முறைத்தார், ஏலத்தின் நடுவில் பேசக் கூடாது.

வேறு யாராக இருந்தாலும் ‘டபுள்’ சொல்லி என்னை அங்கேயே தோலுரித்திருப்பார்கள். நான் சொன்னதில் பாதிப் பிடிகூட எடுத்திருக்க மாட்டேன், புள்ளி மூட்டை மூட்டையாக அவர்களுக்குப் போயிருக்கும். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு இன்னொரு முறை பேச வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்பது அந்தப் பார்வையில் எனக்குத் தெரியவில்லை. அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

“அஞ்சு இஸ்பேடு” என்றாள்.

இதன் சூட்சுமம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. ஏலத்தில் இஸ்பேடு ஆட்டினைவிட உசத்தி. அஞ்சு இஸ்பேடு சொன்ன பிறகு, இல்லை எனக்கு ஆட்டின்தான் ஒத்துவரும் என்று நைனா சொல்ல வேண்டுமானால் ஆறு ஆட்டின் என்றுதான் சொல்ல முடியும். அதாவது ஸ்லாம். அம்மா கடைசியாக ஒரு முறை கேட்கிறாள், சொல்லுவதானால் துணிந்து சொல்லும்படி கேட்கிறாள்.

மாமா பாஸ். நைனா யோசித்தார். வெளியில் கூட்ஸ் வண்டி ஒன்று வந்து, நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிற்று. அவர் விரல் ஒரு சீட்டின் மேல் போய் நின்றது. பிறகு சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

“பாஸ்.”

இன்னொரு முறை வாயைத் திறந்தேன். மாமா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். பாஸ் என்றேன்.

மாமா முதல் சீட்டை இறக்கியதும், முறைப்படி நைனா தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்க விரித்து வைத்தார். இஸ்பேடு ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு. ஆட்டின் மூன்று, அதில் ஒன்று ராஜா. மற்றதெல்லாம் குப்பை. அம்மா கொஞ்ச நேரம் அந்த ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆடத் தொடங்கினாள். மாமாவிடம் இஸ்பேடு நாலு மாட்டிக்கொண்டிருந்தது. பதினொன்று எடுக்க வேண்டிய இடத்தில் அம்மா பத்துதான் எடுத்தாள். தோற்றுவிட்டாள். ஆட்டின் துருப்பாக இருந்திருந்தால் பன்னிரண்டு எடுத்திருப்பாள். நான் சும்மா இருந்திருந்தால், ஸ்லாம் இல்லாவிட்டாலும் நாலு ஆட்டினாவது சுகமாக முடிந்திருக்கும். ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை.

அம்மா சீட்டை ஒன்று சேர்க்கவில்லை. நைனாவைப் பார்த்தாள். என் வழியாக அல்ல, நேராக.

“ராஜா உங்க கையிலதான் இருந்திருக்குது. மூணு தபா கேட்டேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னே சொல்லிகினு இருந்தீங்க.”

“ஒரே ஒரு ராஜா” என்றார் நைனா. “அத வெச்சிகினு நான் என்னத்த சொல்றது?”

“அந்த ஒண்ணுதான் எனக்கு வோணும். மிச்சம் எல்லாம் என் கையில இருக்குது.”

ஒரு சீட்டுக்காக இத்தனை வருத்தமா என்று எனக்கு ஆச்சரியம். அம்மாவின் குரல் உடைந்திருந்தது. பத்து நாள் கழித்துப் பேசிய முதல் பேச்சு விளையாட்டைப் பற்றியதாகப் போய்விட்டதே என்றுகூட நினைத்தேன். நைனா ஆட்டின் ராஜாவைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, திரும்பவும் கீழே வைத்தார். எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“பாசஞ்சருக்கு நேரமாவுது. நானும் வரேன்” என்று மாமாவிடம் சொன்னார்.

மாமா, “பாவா, இன்னைக்கேவா?” என்றார்.

“வெள்ளிக்கிழமை அவரு வந்துட்டாருன்னா என்னால முடியாது. எனக்குத் தெரியும்.”

எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். என் அஞ்சு கிளாவரால் மனம் நொந்துதான் நைனா வீட்டை விட்டுப் போகிறார் என்று முடிவு கட்டினேன். இனிமேல் கிளாவரே சொல்லுவதில்லை என்று மலை இருந்த திசையைப் பார்த்து முருகனிடம் சத்தியம் செய்து கொடுத்தேன். அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அண்ணன் என் பங்கு வடாமையும் சேர்த்துத் தின்றான்.

மறுநாள் காலை முதல் வண்டியில் நைனா வந்தார். கழுவாத முகம். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“சொல்லிட்டீங்களா?”

“ஆங்.”

“இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அண்ணி சாப்ட்டுப் போன்னாங்க. அவரு எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டாரு. வண்டிக்கு நேரமாவுற வரைக்கும் உக்காந்திருந்தேன். வரவே இல்ல.”

உட்கார்ந்திருந்தேன் என்று அவர் சொன்னதை அம்மா கவனித்தாளா, தெரியாது. நான் கவனிக்கவில்லை. எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. பேச்சை வைத்துப் பார்த்தால் நான் திருவாலங்காட்டுக்குப் போகப் போவதில்லை. கரும்பு, கிணறு, வண்டிமாடு எல்லாம் போயிற்று. கொடுத்த கோலிகளை எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பக் கேட்பது? தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இவன் எதற்கு அழுகிறான் என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் அவள் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்து, பொங்கலுக்காவது பெரியப்பா வீட்டுக்குப் போவோமா என்று கேட்டேன். நைனா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலையில் கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, அரக்கோணம் போகிற தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பையன்கள் விளையாடுகிற சத்தம் கேட்டது. கை ரொம்பக் கனமாக இருந்தது. மெதுவாகத் தலையைக் குனிந்து அதன் அடியிலிருந்து நழுவிக்கொண்டு ஓடிவிட்டேன்.