தம்பியின் இரண்டாவது ஸ்கேன்

என் தம்பி புவனேந்திரன் பொய் சொல்லத் தெரியாதவன் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்தவர் விஷயத்தில் அவன் வாயில் பொய் வராது. தன் உடம்பைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறந்தாலே பொய்தான். காய்ச்சல் கொதிக்கிற நேரத்தில் நெற்றியைத் தொட்டால், இவ்வளவு நேரம் அடுப்படியில் நின்றேன் என்பான். நான் அவனைவிட ஏழு வயது மூத்தவள், விஜயலெட்சுமி. என் புருஷன் போனபிறகு அவனோடும் தாயில்லாத அவன் மகள் நிஷாந்தினியோடும் நமுனுகுல மலையில், தோட்டம் கொடுத்த லயத்தில், ஒரே காம்பராவில் இருக்கிறேன், அதாவது ஒற்றை அறையில். என்னிடமே அந்தக் கதை.

தேயிலை பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே சல்லடை அறையில் அவனுக்கு இருபத்தெட்டு வருஷ வேலை. காய்ந்த தூளை இயந்திரம் குலுக்கிச் சலிக்கும்போது பறக்கிற தூசு புருவத்திலும் காது மடலிலும் பழுப்பாக அப்பியிருக்கும். இயந்திரச் சத்தத்துக்குள் கத்திப் பேசிப் பழகியவன் வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். உப்புக் கேட்டால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. அப்பாடா, இவனுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நான் நிம்மதிப்பட்டேன். அறிவு கெட்டவள் நான். கத்துவதற்கு அவனிடம் மூச்சு இல்லை.

பிறகு வறட்டு இருமல் வந்தது. தோட்டத்து மருந்தறையில் போத்தல் போத்தலாக மருந்து கொடுத்தார்கள். சளியை மூன்று தடவை சோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். கடைசியில் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே டொக்டர் ஷிப்னா, சின்ன வயசுப் பிள்ளை, அவன் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இவை எப்போதிருந்து இப்படி உருண்டு வீங்கியிருக்கின்றன என்று கேட்டார். ஒரே காம்பராவில் இருக்கிற எனக்கே அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நெஞ்சை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பண்டாரவளையில் ஒரு தனியார் இடத்தில் எடுத்தோம். ரிப்போர்ட் எழுதிய ஒரு தாளும், உறைக்குள் மினுமினுக்கிற ஒரு சீடித் தட்டும் கொடுத்தார்கள்.

டொக்டர் அந்தத் தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். நுரையீரலின் அடியில், ஓரத்தோடு ஓரமாக, வலை பின்னியது போல் வெள்ளைக் கோடுகள். புண் ஆறின இடத்தில் தழும்பு விழுகிறதல்லவா, உள்ளே விழுந்திருப்பதும் தழும்புதான், அந்த இடத்தில் இனிக் காற்று ஏறாது என்றார். தேயிலைத் தூசா, விறகுப் புகையா, வீட்டில் கோழி உண்டா, அப்பாவுக்கு இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். சிலருக்கு இது அப்படியே கிடக்கும், சிலருக்கு மளமளவென்று மேலே ஏறும். இவனுடையது எந்த ரகம் என்று ஒரு படத்தில் தெரியாது. ஒரு வருஷம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏறுகிறதென்றால் மருந்து தொடங்க வேண்டும், தூசை விட்டு வெளியே வர வேண்டும். விழுந்த தழும்பு போகாது, மருந்து அதன் வேகத்தைத்தான் குறைக்கும், ஆகவே பிந்தக் கூடாது. இவ்வளவும் சொல்லி, பத்திரமாக வைத்திருங்கள் என்று உறையை என் கையில் கொடுத்தார்.

பத்திரமாகத்தான் வைத்தேன். தாளை. பிரஜாவுரிமைத் தாள் இல்லாமல் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் சனத்துக்குத் தாள் என்றால் உயிர். பசறைக்குப் போய் அதை லெமினேட் பண்ணி, பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். தட்டில் ஒரு எழுத்து இல்லை, முத்திரை இல்லை. போட்டுப் பார்க்க வீட்டில் எதுவும் இல்லை. லயத்துக்குப் பின்னால் என் போஞ்சிப் பந்தலில் குருவித் தொல்லை தாங்க முடியவில்லை. எல்லாரும் பழைய பாட்டுத் தட்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் பளிச்சென்று சுழன்றால் குருவி அண்டாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே தட்டு அதுதான். கட்டித் தொங்கவிட்டேன்.

இரண்டாவது ஸ்கேன் இந்த வருஷம் மாசியில், பதுளையிலேயே எடுத்தோம். குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல் நீட்டி, மூச்சை இழுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் படம் கலங்கிவிடுமாம். பத்து நிமிஷம் என்றார்கள், அரை மணி ஆனது. வெளியே வந்தவன், ஒரே தடவையில் படம் நன்றாக விழுந்துவிட்டதாகச் சொன்னான். பின்னால் வந்த உதவிப் பெண், மூச்சை நிறுத்த முடியாமல் மூன்று தடவை எடுத்ததை என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஏன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாமலில்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற ஆள் ஒருவராவது இருந்தால்தான் காம்பராவில் நிம்மதியாகப் படுக்கலாம். நான் வேலையிலிருந்து நின்றவள். நிஷாந்தினி மட்டக்களப்பில் கம்பஸில் படிக்கிறாள், லீவுக்குத்தான் வருவாள். மிஞ்சியது அவன் பேர் ஒன்றுதான். ஸ்டோரை விட்டால் தோட்ட மேனேஜர் துரை காம்பராவைத் திருப்பிக் கேட்பார் என்று அவனுக்குப் பயம். கேட்பாரோ மாட்டாரோ, அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

கிளினிக் துண்டுச்சீட்டில் பழைய தட்டையும் கொண்டுவரச் சொல்லி எழுதியிருந்தது. வாசித்ததும் பந்தலுக்கு ஓடினேன். ஒரு வருஷத்து வெயிலும் மழையும் அந்த மினுமினுப்பை உரித்துப் போட்டிருந்தன. தட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் போஞ்சிக் கொடி தெரிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பண்டாரவளையில் அந்த இடத்தை இதற்குள் மூடிவிட்டார்கள், கேட்டு வாங்கவும் வழியில்லை.

டொக்டர் தட்டைப் போட்டுப் பார்த்தார், கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதுப் படத்தில் அடிப்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிவதைக் காட்டினார். ஆனால் போன வருஷம் இது எவ்வளவு இருந்தது என்று தாளில் இல்லை, அடியில் கொஞ்சம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். ஊதிப் பார்க்கிற சோதனையிலும் இரண்டு வருஷமும் இருமல் வந்து கெடுத்துவிட்டது. மருந்தோ ஈரலையும் வயிற்றையும் வாட்டுகிற மருந்து. தழும்பு ஏறுகிறதென்று தெரியாமல் தொடங்க அவருக்குத் தயக்கம். ஆறு மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுத்து, இந்தப் படத்தோடு ஒப்பிடலாம் என்றார்.

அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, போன வருஷத்துக்கும் இப்போதைக்கும் நடக்கும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று அவனிடம் கேட்டார்.

“அப்புடியேதான் இருக்கு மிஸ். ஒரு மாத்தமும் இல்லீங்க.”

அவர் எழுதத் தொடங்கினார். ஆறு மாதம். காம்பரா போனால் போகட்டும்.

“அவன் சொல்றத எழுதாதீங்க மிஸ்” என்றேன். “போன வருசம் மொதப் படம் எடுத்தப்ப, ஸ்டோர்லருந்து மேல வர்றதுக்குள்ள ஒரு தரம்தான் நிப்பான். தீவாளிக்கு மூணு தரம். இப்ப ஏழு தரம் நிக்கிறான். செருப்புல கல்லு பூந்தமாதிரி குனிஞ்சி குனிஞ்சி காலத் தடவுவான், யாரும் பாத்துறக் கூடாதுன்னு. நான் வாசல்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒக்காந்துதான் குளிக்கிறான். சோத்துக்கு நடுவுல கைய வச்சிக்கிட்டு மூச்சு வாங்குறான்.”

டொக்டர் எழுதியதை வெட்டினார். இரத்தத்தில் காற்று எவ்வளவு என்று காட்டுகிற ஒரு கவ்வியை அவன் விரலில் மாட்டி, நடைபாதையில் நடக்கச் சொன்னார். பாதி தூரம் போவதற்குள் கவ்வியில் எண் மளமளவென்று இறங்கியது, போதும் என்று நாற்காலியில் உட்காரவைத்தார். காத்திருக்க வேண்டாம், மருந்தை இன்றைக்கே தொடங்குகிறேன் என்றார். தூசில்லாத வேலைக்கு மாற்றச் சொல்லித் தோட்டத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

மருந்துக்காக நடைபாதை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் வயிற்றில் அடித்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“ஏழு இல்லக்கா, ஒம்போது. ஸ்டோர் கேட்டுக்கு மேல ரெண்டு எடத்துல நிப்பேன். வாசல்லருந்து பாத்தா ஒனக்குத் தெரியாது.”

அவன் மூச்சு வாங்கி முடிக்கும்வரை இருந்தேன்.

“போயி மிஸ்கிட்ட அதையும் சொல்லிட்டு வா” என்றான்.

நான் எழுந்து டொக்டரின் அறைக்குப் போனேன்.